ஊரடங்கும் உலையரிசியும்

(சாவித்திரிபாய் பூலே நினைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்ச் 10 அன்னை சாவித்திரிபாய் பூலேயின் நினைவு நாள். பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் என்று அவரை எல்லோரும் அறிவோம். அவர் இறந்த விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்த் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை மையம் நடத்தினார். சாவித்திரிபாய் அங்கே பணியாற்றினார். மகார் குடியிருப்பில் பிளேக் கண்டு கிடந்த ஒரு சிறுவனைத் தானே சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். அந்த நோய் அவரையும் தொற்றியது, இறந்துபோனார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், 1876-77 பஞ்சத்தில், சத்யசோதக் சமாஜம் நடத்திய உணவு மையங்களிலும் அவர் உழைத்திருக்கிறார். பசிக்குச் சோறும் நோய்க்கு மருந்தும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

அதே ஆண்டு, அதே புனேயில், வெள்ளை அரசு வேறு விதமாக பிளேக்கை ஒழிக்கப் பார்த்தது. ராண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். சாமான்களைக் கொளுத்தினார்கள். கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்ததும் அந்த 1897இல்தான். நான்கே பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தில் பயணிகளைச் சோதிக்க அதிகாரம் உண்டு, மீறினால் தண்டனை உண்டு, அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. அடைத்து வைக்கப்படுகிறவர் என்ன சாப்பிடுவார் என்பதற்கு ஒரு சொல்கூட அதில் இல்லை.

123 ஆண்டுகள் கழித்து, 2020இல், நம்மை அடைக்க எடுத்ததும் இதே சட்டத்தைத்தான். கூடவே 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் முழு அடைப்பு. நூற்று முப்பது கோடி மக்களுக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம்.

தோழர்களே, ‘ஊரடங்கு’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிப்போம். ஊர் வேறு, சேரி வேறு என்று வைத்திருக்கும் நாடு இது. ஊர் அடங்கலாம், அதற்குக் குதிரில் நெல் இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது, மாதச் சம்பளம் வருகிறது. அன்றன்றைக்குக் கூலி வாங்கி அன்றன்றைக்கு அரிசி வாங்கும் சேரி எப்படி அடங்கும்? ‘சமூக விலகல்’ என்ற சொல்லையும் நம் தலையில்தான் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச் மாதத்தில் ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லுக்கு மாறிவிட்டது. சமூகம் நம்மிடம் விலகியிருப்பது நமக்குப் புதிதில்லை. உடல் விலகியிருக்கத் தேவையான இடம்தான் நம்மிடம் இல்லை. சென்னையின் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் அடுக்கிய குடும்பங்களைக் கேளுங்கள், ஒற்றை அறையில் ஐந்து பேர் எப்படி ஆறடி தள்ளி நிற்பது என்று.

நாம் நோய்க் கட்டுப்பாட்டுக்கு எதிரிகள் அல்லர். 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்சில் காத்திருந்தே செத்தவர்களில் நம் உறவுகளும் உண்டு. ‘எல்லாவற்றையும் திறந்துவிடு’ என்று கத்தியவர்கள் எல்லோரும் நமக்காகக் கத்தியதாகவும் எண்ண வேண்டாம். ‘பொருளாதாரம்’ என்று சொல்லிக்கொண்டு குஜராத் அரசு, மிகைநேர ஊதியம் இல்லாமலே 12 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று ஆணை போட்டது. அதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2020 மே 7ஆம் தேதியே டாஸ்மாக் கடைகளைத் திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நம் பிள்ளைகள் பத்தொன்பது மாதம் வகுப்பறையைப் பார்க்கவில்லை. செல்போன் இல்லாத வீட்டுப் பையன் வேலைக்குப் போனான். பெண்ணுக்குக் கல்யாணம் பேசினார்கள்.

அப்படியானால் நாம் சொல்வது என்ன? நோய்த்தடுப்பையும் வயிற்றுப்பாட்டையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்து, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கே தப்பு. சோறும் கூலியும் தண்ணீரும் கழிப்பறையும் நோய்த்தடுப்புக் கருவிகள். அவை இல்லாமல் போடும் அடைப்பு, நோயைத் தடுப்பதிலும் தோற்கும்.

சான்று நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2020 ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை நகரங்களுக்கு 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பு என்று அறிவித்தார்கள். 25ஆம் தேதி என்ன நடந்தது? நான்கு நாள் பண்டத்தை ஒரே நாளில் வாங்கச் சனம் கடைத்தெருக்களில் முண்டியடித்தது. கோயம்பேடு சந்தைக்குள் தொற்று முன்பே புகுந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தைத் தடுக்கப் போட்ட ஆணையே கூட்டத்தைக் கூட்டியது. மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். வேலையும் தங்க இடமும் இல்லாமல் போன சுமைதூக்கும் தொழிலாளர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பினார்கள். அவர்களோடு நோயும் போனது. ‘கோயம்பேட்டிலிருந்து வந்தவன்’ என்பது அன்றைக்கு ஒரு வசைச்சொல்லானது. அவர்களுக்குச் சந்தைக்குப் பக்கத்திலேயே தங்குமிடமும் மூன்று வேளைச் சோறும் பரிசோதனையும் கொடுத்திருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது.

எதிர்ச்சான்றும் உண்டு. மும்பை தாராவி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம் மக்களும் சேர்ந்து உருவாக்கிய இடம். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பெரும்பாலோர் நம்பியிருப்பது பொதுக் கழிப்பறைகளை. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானபோது, இனி பிணக்காடுதான் என்றார்கள். மாநகராட்சி ஊழியர்களும் உள்ளூர் மருத்துவர்களும் தொண்டர்களும் சந்து சந்தாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கிச் சோறு போட்டார்கள். உணவுப் பொட்டலங்கள் வீடு தேடிப் போயின. ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதே மாதம் மும்பையின் வேறு மூன்று வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனையில், குடிசைப் பகுதியினரில் 57 விழுக்காட்டினரையும் மற்ற குடியிருப்பினரில் 16 விழுக்காட்டினரையும் தொற்று தொட்டுவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. ஒரே நகரம், ஒரே ஊரடங்கு. அது யாரைக் காத்தது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

நாங்கள் அரிசி மூட்டையோடு காலனிகளுக்குப் போன நாட்களில் ஒன்றைக் கண்டோம். அரிசியை வாங்கிக்கொண்டே அக்காமார் வேறு கேள்விகள் கேட்டார்கள். காஸ் தீர்ந்துபோச்சு, எதில் பொங்குவது? அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை எங்கே கிடைக்கும்? பஸ் இல்லாமல் ஏழாம் மாதக்காரி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாள்? பள்ளியில் கொடுத்த நாப்கின் இப்போது யார் தருவார்? குழுக்கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறானே, என்ன சொல்வது? தவணையை ஆகஸ்ட் வரை தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அன்றாடத் தேவை என்றால் என்ன என்று பாடம் எடுத்தவர்கள் அந்த அக்காமார்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். நம்மை அடைக்க எடுத்த அதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அன்றைக்கு 12ஆம் பிரிவு இருந்தது. நிவாரண முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம். இறந்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகை. வாழ்வாதாரத்தை மீட்க உதவி. இவற்றுக்கெல்லாம் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொன்னது அது. இந்த உதவித்தொகையைத் தர மறுக்க முடியாது என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் 50,000 ரூபாய் வந்தது. வழக்குப் போட்டு வாங்கிய உரிமை அது. மீதியையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய்க்கு முன்பே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

ஒன்று, அடைப்பு அறிவிக்கும் முன் பண்டம் வீட்டுக்கு வர வேண்டும். ரேஷன் அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத் தொழிலாளிக்கும்.

இரண்டு, அடைத்த ஒவ்வொரு நாளுக்கும் நாட்கூலி. அந்த நாட்களில் கடன் வசூலும் வட்டியும் நிற்க வேண்டும்.

மூன்று, பள்ளி கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். சத்துணவு ஒரு நாளும் நிற்கக் கூடாது.

நான்கு, தூய்மைப் பணியாளர்களுக்கு மாலையும் கைதட்டலும் போதும். இனி நிரந்தரப் பணியும் பாதுகாப்புக் கருவிகளும் சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும்.

ஐந்து, காவல் துறையின் தடியிடம் நோய்த்தடுப்பை ஒப்படைக்கக் கூடாது. கடையைக் கூடுதல் நேரம் திறந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்துப்போன சாத்தான்குளத்தை நாம் மறக்கவில்லை.

ஆறு, முடிவெடுக்கும் குழுவில் சேரிப் பெண்கள் உட்கார வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். அவரவர் காலனியில் ரேஷன் அட்டை இல்லாதவர் எத்தனை பேர், குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, தினம் மாத்திரை சாப்பிடுபவர் யார், செல்போன் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மே 1 கிராம சபையில் அதை எழுந்து வாசித்துத் தீர்மானமாக்குங்கள். நகரத்துத் தோழர்கள் அதையே வார்டு உறுப்பினரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை நான்கு மணி நேரம்தான் தருவார்கள் என்றால், அந்த நோட்டு அதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

ஜெய்பீம்.