வாய் படிக்க, காது திருத்த

(பரிசளிப்பு விழாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு நாள் என்றால் ‘நன்றாகப் படியுங்கள்’ என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் மனத்துக்குள் படிப்பதைப் பற்றி அல்ல. வாய்விட்டுப் படிப்பதைப் பற்றியும், ஒருவர் படிப்பதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டுத் திருத்துவதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இது நமக்குப் புதிய விஷயம் இல்லை. ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். மாலையில் அவர் பத்திரிகையை விரிப்பார். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ இப்படித்தான், வாங்கியவர்களைவிட அதிகமான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. கோயிலில் பாரதம் படிப்பார்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார் அதைக் கேட்டே கதை முழுவதையும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நம் முன்னோருக்குக் காதுதான் பள்ளிக்கூடம்.

இன்று நிலை என்ன? வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. பிள்ளைங்க காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம், பாட்டி சும்மா உட்கார்ந்து இன்னொரு பக்கம். அந்தப் பாட்டிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும். சர்க்கரை நோயால் பார்வை மங்கியிருக்கும். சிறு வயதிலேயே வேலைக்குப் போனதால் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டார். அவருக்கு ஒரு கதை படித்துச் சொல்ல நம் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கனடா நாட்டு மொன்ட்ரியால் நகரில் ஹியூ மெக்குவைர் என்ற எழுத்தாளர் ஒரு முயற்சியைத் தொடங்கினார். பழைய நல்ல நூல்களைப் பொதுமக்களே ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் படித்துப் பதிவு செய்து, உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி செய்ய முடியுமா என்று பார்த்தார். சம்பளம் இல்லை; மேடை இல்லை; குரல் தேர்வும் இல்லை. ‘லிப்ரிவாக்ஸ்’ என்பது அதன் பெயர். முதலில் எடுத்துக்கொண்ட நூல், ஜோசப் கான்ராட் எழுதிய ‘தி சீக்ரெட் ஏஜெண்ட்’ என்ற நாவல். அதில் 13 அத்தியாயங்கள். முகம் அறியாத தொண்டர்கள் பங்கு போட்டுக்கொண்டு அதை முடித்தார்கள். அப்படித் தொடங்கிய வேலை இன்று ஏறத்தாழ 20,000 பதிவுகளாக வளர்ந்து நிற்கிறது.

அங்கே வேலை நடக்கும் முறையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒருவர் பொறுப்பாளராக இருந்து அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுக்கிறார். ஒருவர் படித்துப் பதிவு செய்கிறார். பிறகு இன்னொருவர் அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறார். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணால் செய்யும் வேலையை இவர் காதால் செய்கிறார். வரி விட்டுப்போயிற்றா, ஒரே வரி இரண்டு தடவை வந்துவிட்டதா, நடுவில் நாய் குரைத்ததா, குரல் மிகவும் தாழ்ந்துவிட்டதா என்றெல்லாம் பார்த்து, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறித்து அனுப்புகிறார். படித்தவர் அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்து ஒட்டுகிறார். அதன் பிறகே நூல் வெளிவருகிறது.

பாருங்கள், கேட்டவர் படித்தவரைக் கேலி செய்யவில்லை. படித்தவரும் ‘என்னையா குறை சொல்கிறாய்?’ என்று கோபித்துக்கொள்ளவில்லை. குறை ஆளில் இல்லை, ஏழாவது நிமிடத்தில் இருக்கிறது! மாணவர்களே, சிவப்பு மையைப் பார்த்ததும் முகம் சுருங்கும் உங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு என்ன வேண்டும்?

இத்தகைய பேசும் நூல்கள் முதலில் யாருக்காகச் செய்யப்பட்டன தெரியுமா? இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் கண்ணை இழந்த வீரர்களை மனத்தில் கொண்டு இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். அப்போது இசைத்தட்டுக் காலம். தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடம்தான் அடங்கும்; ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டு வரை வேண்டும். இன்று அந்தப் பத்துத் தட்டும், அதுபோல இன்னும் நூறு நூல்களும், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்குள் அடங்கிவிடும்.

சரி, தமிழுக்கு வருவோம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் போன்றவர்கள் முன்னின்று நடத்த, பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி, ஒருவர் எழுதியதை ஒருவர் பிழை பார்த்து, எல்லோருக்கும் இலவசமாகத் தந்தார்கள். கண்ணுக்கான வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள். காதுக்கான வேலை இன்னும் நிறையப் பாக்கி. லிப்ரிவாக்ஸிலும் ஆங்கில நூல்களே மிகுதி. தமிழ் மிகக் குறைவு.

எந்த நூலைப் படிக்கலாம் என்று கேட்பீர்கள். மலேசியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அவர் எழுத்து பொதுச்சொத்து ஆகிறது. நம் தோட்ட வாழ்க்கையை வைத்து ‘பால்மரக் காட்டினிலே’ எழுதிய அகிலன் 1988இல் மறைந்தார். ஆகவே 2038 முடியும்வரை உரியவர்களின் அனுமதி இல்லாமல் அதைப் பதிவு செய்து வெளியிடக் கூடாது. 1879இல் அச்சான முதல் தமிழ் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்துக்கு அந்தத் தடை இல்லை. கல்கி 1954இல் மறைந்தவர். அவர் நூல்களைத் தமிழ்நாட்டு அரசு 1999இல் நாட்டுடைமை ஆக்கியது. ‘பொன்னியின் செல்வ’னுக்கும் தடை இல்லை.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம், 293 அத்தியாயம். மலைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்றால் ஐந்தரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். முதலாம் ஆண்டில் நுழையும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும் நேரத்தில் நூலும் முடிந்துவிடும்! கதையில் இளவரசராக வரும் அருண்மொழிதான் பிற்காலத்தில் இராசராச சோழன். அவர் மகன் இராசேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பிய கடாரம் நம் பக்கத்து மாநிலமான கெடா. நாம் நிற்கும் செபராங் பிறையும் 1800 வரை கெடாவைச் சேர்ந்த மண்தான். ஆகவே இது நமக்கு எங்கோ நடந்த கதை அல்ல.

தமிழை வாய்விட்டுப் படிப்பதில் தனிச் சிரமம் உண்டு. ‘வாள்’ என்பதை ‘வால்’ என்று படித்தால் வீரன் கையில் வால் இருக்கும்! ‘பாவம்’ என்று எழுதியிருந்தால் அது செய்த பாவமா, முகத்தில் தெரியும் பாவமா? எழுத்து ஒன்று, ஒலி வேறு. பொருள் புரிந்தால்தான் வாய் சரியாக ஒலிக்கும். புரியாமல் படிக்கும் பிள்ளையை மனத்துக்குள் படிக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. வாய்விட்டுப் படித்தால் இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தகரக் கூரையில் மழை கொட்டும் நேரத்தில் வேண்டாம், சேவல் கூவினால் நிறுத்தி, அந்த வரியை மறுபடி படியுங்கள். வேறொரு மாணவன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் சரிபார்க்கட்டும்.

அதோடு நிற்க வேண்டாம். புத்தகம் இல்லாமல் கேட்கவும் ஒருவர் வேண்டும். அவர்தான் உங்கள் பாட்டி. எழுத்து விட்டுப்போனதை அவர் சொல்ல மாட்டார். ஆனால் ‘என்னடா சொல்றே, விளங்கலையே, மெதுவா சொல்லு’ என்பார். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் புரியாமல் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஐம்பது வருஷம் கதை கேட்டுப் பழகிய காது அது. எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அப்படிப்பட்ட காதைத் தர மாட்டார்கள்.

‘தோட்டத்துப் பிள்ளைங்க குரலை எவன் சார் கேட்பான்? சென்னைக்காரங்க மாதிரி வருமா?’ என்று சில பெற்றோர் கேட்கலாம். முன்னே சொன்ன கான்ராட் போலந்து நாட்டவர். இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் கற்றார். மாலுமியாக இந்தக் கடல்களில் திரிந்தார். 1880இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கைத் தொட்டுச் சென்ற ‘ஜெட்டா’ என்ற யாத்திரைக் கப்பலை, நடுக்கடலில் மாலுமிகளே பயணிகளோடு கைவிட்டு ஓடினார்கள். அந்தச் செய்தியை வைத்துத்தான் ‘லார்ட் ஜிம்’ எழுதினார். கடைசிவரை அவர் பேச்சில் போலந்து வாடை போகவில்லை. எழுத்தோ உலக இலக்கியம் ஆயிற்று. சிம்பாங் அம்பாட் தமிழுக்கும் ஒரு வாடை உண்டு. அதைத் துடைக்க வேண்டாம். உச்சரிப்பு சுத்தமாக இருக்கட்டும். குரல் நம்முடையதாகவே இருக்கட்டும்.

தாய்மார்களே, நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய்விட்டோம். லயமும், அங்கே சுற்றி உட்கார்ந்து கேட்ட கூட்டமும் போய்விட்டன. ஆனால் கேட்கத் துடிக்கும் காதுகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அவை நமக்காக ரொம்ப நாள் காத்திருக்க மாட்டா. இன்று பரிசாகப் புத்தகம் வாங்கும் மாணவர்களே, அதை அலமாரியில் வைப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தை வீட்டுப் பெரியவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பதிவெல்லாம் அப்புறம்.