வானலை வண்டி ஏன் தளர்கிறது?

கையில் ஒரு சிறு பெட்டி. கண்ணெதிரே ஒரு சிறு வண்டி. இரண்டுக்கும் இடையே கம்பி ஏதும் இல்லை. பெட்டியின் விசையை அழுத்தினால் வண்டி பாய்கிறது, விட்டால் நிற்கிறது. இத்தகைய வானலை வண்டிகளை இன்று எங்கள் சின்னசேலம் போன்ற ஊர்களின் தெருக்களிலும் பள்ளிகளின் அறிவியற் கண்காட்சிகளிலும் காண்கிறோம். இவற்றின் மூதாதை ஒரு படகு. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், நிக்கொலா டெஸ்லா என்னும் அறிஞர் நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை வானலையால் இயக்கிக் காட்டினார். படகினுள்ளேயே பேட்டரியும் மோட்டாரும் இருந்தன. வானலை கட்டளையை மட்டுமே சுமந்து சென்றது. இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்ளுங்கள். கட்டளை வெளியிலிருந்து வருகிறது. வலிமை வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

இவ்வண்டி சில மாதங்கள் ஓடிய பிறகு, "முன்போல் பாயவில்லை, கிளம்பவே திணறுகிறது" என்று பிள்ளைகள் குறை கூறுவார்கள். உடனே, "மோட்டார் போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும்" என்று முடிவும் கட்டிவிடுவார்கள். இது ஆராய்ச்சியன்று, ஊகம். நோயின் காரணத்தை அறிந்த பின்பே மருந்தைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. இயந்திரத்துக்கும் அதுவே முறை.

எப்படித் தேடுவது? வலிமை செல்லும் வழியைத் தொடர்ந்து செல்லுங்கள். பேட்டரியில் பிறக்கும் மின்னாற்றல், செருகியையும் கம்பியையும் கடந்து, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அடைகிறது. அங்கிருந்து மோட்டாருக்கும், மோட்டாரிலிருந்து பற்சக்கரங்களுக்கும், அவற்றிலிருந்து சக்கரத்துக்கும், இறுதியில் தரைக்கும் செல்கிறது. சங்கிலியின் எந்தக் கண்ணி நைந்தாலும் வண்டி தளரும். ஆகவே ஒவ்வொரு கண்ணியாகச் சோதிக்க வேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை எதனால் நீங்கியது என்பது என்றும் தெரியாது.

முதலில் பேட்டரி. இன்றைய வண்டிகள் பலவற்றில் லித்தியம் பாலிமர் மின்கலங்கள் உள்ளன. ஒரு கலம் நிறைந்திருக்கும்பொழுது 4.2 வோல்ட்டு காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிட்டால் கெட்டுப்போகும். உப்பிய கலத்தை மின்னேற்றம் செய்யக் கூடாது, அது தீப்பற்றும். சும்மா இருக்கும் பேட்டரியை அளந்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதும் தவறு. சுமையை இழுக்கும்பொழுது அது என்ன காட்டுகிறது என்பதே கேள்வி.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குகிறேன். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, தன்னுள் பாயும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நின்ற நிலையில் அந்த எதிர்ப்பு இல்லை. ஆகவே கிளம்பும் கணத்தில்தான் மிகுதியான மின்னோட்டம் பாய்கிறது. கிணற்று மோட்டாரைப் போடும்பொழுது வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அனைவரும் கண்டிருப்பார்கள். சிறு வண்டியிலும் அதுவே நிகழ்கிறது. வழியில் மின்தடை மிகுந்திருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும். ஆகவேதான் மின்வழியில் உள்ள குறை, ஓட்டத்தில் தெரிவதற்கு முன்பே முடுக்கத்தில் தெரிந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு மாணவன், பொங்கலுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்துப் புதிய மோட்டார் வாங்கப் புறப்பட்டான். "முதலில் அளப்போம்" என்று நிறுத்தினேன். இரு கலங்கள் கொண்ட அவனது பேட்டரி ஓய்வில் 8.3 வோல்ட்டு காட்டியது. மிகக் குறைந்த அளவை நினைவில் நிறுத்தும் மீட்டரை வண்டியின்மேல் கட்டி, நின்ற நிலையிலிருந்து முழு விசையுடன் கிளப்பினோம். செருகிக்கு முன்னே, பேட்டரிப் பக்கத்தில், 7.7 வோல்ட்டு, செருகிக்குப் பின்னே, கட்டுப்பாட்டுக் கருவியின் பக்கத்தில், 6.1 வோல்ட்டு. இடையிலிருந்த செருகி மட்டும் 1.6 வோல்ட்டை விழுங்கியிருந்தது! மின்னோட்டம் 20 ஆம்பியர் என்று கொண்டால், 32 வாட்டுத் திறன் அங்கே வெப்பமாகிக்கொண்டிருந்தது என்பது பொருள். தொட்டுப் பார்த்தபொழுது செருகி சுட்டது. கட்டுப்பாட்டுக் கருவியோ, 6.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தீர்ந்துவிட்டதெனக் கருதி வலிமையைக் குறைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அது தன் கடமையைச் செய்தது. செருகியின் உட்புறம் கறுத்துத் தளர்ந்திருந்தது. புதிய செருகியைப் பற்றவைத்தோம். வண்டி முன்போலப் பாய்ந்தது. மோட்டாரை மாற்றியிருந்தால் காசும் போயிருக்கும், குறையும் இருந்திருக்கும். இன்னும் வலிய மோட்டாராயிருந்தால், செருகி மேலும் சுட்டிருக்கும்.

மின்வழி சரியாக இருப்பின், கட்டளையை நோக்குங்கள். கைப்பெட்டியின் விசையை முழுதும் அழுத்தினாலும், அதுவே முழு அளவு என்று கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கற்பிக்கப்படாமல் இருக்கலாம். அதன் கையேட்டில் உள்ளபடி மீண்டும் அளவு பொருத்த வேண்டும். முதலில் கைப்பெட்டியையும் பிறகு வண்டியையும் இயக்குங்கள். அணைக்கும்பொழுது முதலில் வண்டியை அணையுங்கள். இல்லையேல் வண்டி கட்டளையின்றி ஓடிவிடக்கூடும்.

அடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால், அச்சில் தலைமயிரோ நூலோ சுற்றியிருக்கலாம்; பேரிங்கில் மண் புகுந்திருக்கலாம்; பற்சக்கரங்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கலாம். இரு பற்சக்கரங்களுக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செலுத்திப் பொருத்தினால் வேண்டிய இடைவெளி கிடைக்கும். மோட்டாரின் பற்சக்கரத்தைப் பெரிதாக்கினால் உச்ச வேகம் கூடலாம். ஆனால் இழுவை குறையும், மோட்டாரும் சூடேறும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தின் ஓட்டுநர் ஏற்றத்தில் ஏன் கியரைக் குறைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். இவற்றிலும் குறை இல்லையெனில், அப்பொழுது மோட்டாரின் கரித்துண்டுகள் தேய்ந்தனவா என்று பாருங்கள். கரித்துண்டு இல்லாத மோட்டாராயின், அதன் மூன்று கம்பிகளில் ஒன்று தளர்ந்தாலும் கிளம்பும்பொழுது துடித்துத் திணறும்.

கடைசிக் கண்ணி தரை. மோட்டார் முழு வலிமையுடன் சுழன்றாலும், சக்கரம் புழுதியில் வழுக்கினால் வண்டி பாயாது. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. நிலவுக்கு அனுப்ப வேண்டிய ஊர்தியைப் பூமியில் சோதிக்க, நிலவின் மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டது. அதற்கான அனார்த்தொசைட்டு என்னும் பாறை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய சிற்றூர்ப் பகுதிகளிலிருந்து இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றது.

அந்நிறுவனம் குறையைத் தேடிய வரலாறு நமக்கொரு பாடம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் நிலவில் மோதிச் சிதைந்தது. பதிவான அளவுகளை வரிசையாக ஆராய்ந்தபொழுது, வியப்பான செய்தி வெளிப்பட்டது. ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட மிகுதியான உந்துவிசையைத் தந்திருந்தன. அதனால் நேர்ந்த பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்த விரைந்து திரும்ப வேண்டிய கலத்துக்கு, அவ்வளவு விரைவாகத் திரும்ப அனுமதி இல்லை. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் மட்டுமே. ஊகித்திருந்தால், "வலிமை போதவில்லை" என்று எஞ்சினைப் பெரிதாக்கத் தோன்றியிருக்கும். அளவுகள் வேறு கதை கூறின. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரிக்கப்பட்டது, நடுவிலிருந்த ஐந்தாவது எஞ்சின் நீக்கப்பட்டது, கால்கள் வலுப்படுத்தப்பட்டன. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. பிரக்யான் என்னும் ஆறு சக்கர ஊர்தி நிலவின் மண்ணில் ஊர்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பிறந்தவர். 2019 வரை எங்கள் சின்னசேலமும் அந்த விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

ஆகவே, நண்பர்களே, உங்கள் வண்டி தளர்ந்தால் வருந்தாதீர்கள். ஒரு குறிப்பேட்டை எடுங்கள். என்ன கண்டீர்கள், என்ன அளந்தீர்கள், எதை மாற்றினீர்கள், பின்னர் என்ன நேர்ந்தது என்று நான்கு பத்திகளாக எழுதி வாருங்கள். கடையில் கிடைக்கும் புதிய மோட்டாரைவிட அந்த நான்கு பத்திகள் உங்களை நெடுந்தூரம் கொண்டு செல்லும்.