45 சொற்களின் காவல்

(திருவிழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எண்ணிக்கையில் சிறியதொரு சமயத்தார்க்கு அரசின் சட்டம் எவ்வாறு துணை நிற்கும், எங்கே கைவிடும் என்பது நாம் கருதத்தக்க பொருள். அமெரிக்க நாட்டின் வரலாற்றிலிருந்து அதற்குச் சில சான்றுகளை இந்த அவையின்முன் வைக்க விரும்புகிறேன்.

அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791 டிசம்பர் 15 அன்று நிறைவேறியது. மூலத்தில் அது 45 சொற்களே. குடிமக்களுக்கு இன்னின்ன உரிமைகளை வழங்குகிறோம் என்று அது பேசவில்லை. இன்னின்ன சட்டங்களை இயற்றலாகாது என்று சட்டம் இயற்றும் மன்றத்தைத் தடுக்கிறது. அரசு ஒரு சமயத்தை நிறுவுதல் கூடாது. ஒருவர் தம் சமயவழி ஒழுகுவதைத் தடுத்தலும் கூடாது. பேச்சு, அச்சு, அமைதியாகக் கூடுதல், குறைதீர்க்க முறையிடுதல் ஆகியவையும் அதே காவலில் அடங்கும். தொடக்கத்தில் இத்தடை மைய அரசை மட்டுமே கட்டுப்படுத்திற்று. 1868ஆம் ஆண்டின் 14ஆம் திருத்தத்தைத் துணைக்கொண்டு, 20ஆம் நூற்றாண்டிலேதான் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளையும் இதற்குள் கொணர்ந்தது.

ஏட்டில் எழுதியது உடனே காத்துவிடுவதில்லை. 1935இல் பென்சில்வேனியா மாநிலத்து மைனர்ஸ்வில் என்னும் சிற்றூரில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சார்ந்த இரு சிறுவர் பள்ளியினின்றும் நீக்கப்பெற்றனர். அக்காள் 12 வயதினள். தம்பி 10 வயதினன். கொடியை வணங்குதல் உருவ வழிபாட்டுக்கு ஒப்பாகும், அது தம் வேதத்துக்கு மாறு என்று அவர்கள் கருதியதே குற்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1940இல் எண்மர் ஒருபுறமும் ஸ்டோன் என்னும் ஒரே நீதிபதி மறுபுறமுமாக நின்று, பள்ளியின் செயல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதிய ஃபிராங்க்ஃபர்ட்டர், இளம் பருவத்தில் ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதர். நாட்டின் ஒருமைப்பாட்டைச் சமய மறுப்பினும் மேலாக அவர் வைத்தார். அதன்பின் பல ஊர்களில் அப்பிரிவினர் தாக்கப்பட்டனர். மெயின் மாநிலத்துக் கென்னபங்கில் அவர்தம் வழிபாட்டுக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள்.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து அதே கேள்வி மீண்டும் வந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலம். நாட்டுப்பற்றைப் பற்றி ஒரு சொல் மாறிப் பேசவும் அஞ்சும் வேளை. ஆயினும் 1943 ஜூன் 14 அன்று, அந்நாட்டார் கொடி நாளாகக் கொண்டாடும் அதே நாளில், அறுவர்க்கு மூவர் என்ற அளவில் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே நீக்கியது. எழுதியவர் ஜாக்சன். அவர் தம் தீர்ப்பைச் சமய உரிமையின்மேல் மட்டும் நிறுத்தவில்லை, பேச்சுரிமையின்மேல் நிறுத்தினார். தம் மனம் ஒப்பாத ஒன்றைச் சொல்லுமாறு எவரையும் அரசு வற்புறுத்தலாகாது என்பது அதன் சாரம். இவ்வாறு அக்காவல் சமயம் சார்ந்தார்க்கும் சாராதார்க்கும் பொதுவாயிற்று. என் கருத்தில், அத்தீர்ப்பின் வலிமையே இதில்தான் உள்ளது. நம் நாட்டிலும் 1986இல், கேரளத்தில் நாட்டுப்பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாதிருந்த மூன்று பிள்ளைகளின் வழக்கில், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமெரிக்கத் தீர்ப்புகளையும் ஆராய்ந்து, அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் செய்தார்.

சங்கம் அமைக்கும் உரிமை என்ற சொல் அந்த 45 சொற்களில் இல்லை. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்திடம் அலபாமா மாநில அரசு உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பெயர் வெளிப்பட்டால் வேலை போகும், உயிருக்கும் ஊறு நேரும். சங்கம் மறுத்தது, 1,00,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1958இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் நின்றது.

இனிக் கூறப்போவது நம் உள்ளத்தைச் சற்று உறுத்தும். ஃபுளோரிடா மாநிலத்து ஹயலியா நகரில், கியூபாவிலிருந்து வந்த சாந்தேரியா சமயத்தார் ஒரு கோயில் அமைக்க முற்பட்டனர். விலங்குப் பலி அவர்தம் வழிபாட்டில் ஒரு பகுதி. 1987இல் நகர மன்றம் பலியைத் தடைசெய்து விதிகள் இயற்றியது. 1993இல் உச்ச நீதிமன்றம் ஒன்பதின்மரும் ஒருமித்து அவ்விதிகளைச் செல்லாதனவாக்கினர்.

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இத்தீர்ப்பை எவ்வாறு ஏற்பது? பலியை நாம் ஒருபோதும் ஒப்போம். எனினும் அவ்விதிகளைக் கூர்ந்து படித்தால் ஓர் உண்மை விளங்கும். உணவுக்காகக் கொல்லும் கூடங்கள் அந்நகரில் தடைப்படவில்லை; வேட்டைக்கும் மீன்பிடித்தலுக்கும் தடையில்லை. விலக்குகளை எல்லாம் கழித்துப் பார்த்தால், தடைக்கு எஞ்சியது அந்த ஒரு சமயத்தாரின் பலி மட்டுமே. நகர மன்றத்தார் வெறுத்தது கொலையை அன்று, கொன்றவரை. எல்லார்க்கும் பொதுவாக இயற்றிய விதி ஒருவரின் சமய ஒழுக்கத்தைத் தற்செயலாகத் தடுக்குமாயின் அது செல்லும் என்று 1990இலேயே அதே நீதிமன்றம் கூறியிருந்தது. உயிர்களின்பால் இரக்கமே நோக்கமாயின், எல்லாக் கொலைக்கும் பொதுவாக ஒரு விதி செய்ய அந்நகருக்கு வழி இருந்தது. அவ்வழியை அவர்கள் நாடவில்லை.