அம்பரப்பர் மலையும் அண்டத்தின் தோற்றமும்
(குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



வேள்விச் சாலையினின்று புறப்பட்ட திருக்குடம் விமானத்தை அடைந்து, மந்திர நீர் கலசத்தின்மீது வழியும் நொடியில் அடியார்களின் கண்கள் அனைத்தும் வானை நோக்குகின்றன. அந்நீர் எத்துணைப் பழமையானது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. சுருளியில் முகந்த நீர் சென்ற மாதம் பெய்த மழையாகவே இருக்கலாம். ஆயினும் அந்நீரிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கருக்கள், அண்டம் தோன்றிய முதற் சில நிமிடங்களுக்குள்ளேயே உருவாகிவிட்டவை என்று விஞ்ஞானம் கூறுகிறது. அதனோடு கூடிய பிராணவாயுவும், கலசத்தின் செம்பும் விண்மீன்களால் விளைந்தவை. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். அடியார் தலைமீது தெளிக்கப்படும் தீர்த்தத்தில் அந்நெடுங்காலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதற்கு 1929-ஆம் ஆண்டில் ஹபிள் என்னும் வானநூலார் சான்று காட்டினார். அதற்கு முன்பே, 1927-இல், பெல்ஜிய நாட்டுக் கிறிஸ்தவக் குருவான லெமேத்தர் அதனைக் கணக்கிட்டுக் கூறியிருந்தார். விரிவதாயின் முன்பு அது ஒடுங்கி, மிகுந்த வெப்பத்தோடு இருந்திருத்தல் வேண்டும். அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் வானெங்கும் மெல்லிய கதிராகப் பரவியிருப்பது 1965-ஆம் ஆண்டில் உலகிற்குத் தெரிய வந்தது.

இத்தகைய ஆராய்ச்சிகளெல்லாம் தொலைதூரத்து நாடுகளில் நிகழ்பவை என்று தேனி மாவட்டத்தார் எண்ண வேண்டுவதில்லை. போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலை நிற்கிறது. அம்பரம் என்னும் சொல் வானத்தைக் குறிக்கும். வானத்தின் பெயர் தாங்கிய அம்மலையின் வயிற்றிலேதான் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதற்கு மத்திய அமைச்சரவை 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் இசைவளித்தது.

நியூட்ரினோ என்பது யாது? அணுவினும் மிக நுண்ணியதொரு துகள். 1930-இல் பௌலி என்னும் அறிஞர் அதனைக் கருத்தளவில் கூறினார். 1956-இல் அது கருவிக்கு அகப்பட்டது. விரல் நகத்தளவு இடத்தின் வழியே, ஞாயிற்றிலிருந்து மட்டும் நொடிதோறும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவிச் செல்கின்றன. அண்டம் பிறந்து ஒரு நொடி ஆகும்போதே தனித்துப் பிரிந்த நியூட்ரினோக்களும் எங்கும் நிறைந்திருக்கின்றன என்பது கொள்கை. ஏனைய துகள்களின் ஆரவாரத்தை வடிகட்டினாலன்றி இதனைக் காணல் அரிது. ஆதலின் பாறையின் துணை வேண்டப்படுகிறது. 1965-இல் கோலார்த் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களை இந்திய அறிஞர்கள் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து கண்டறிந்தனர். பொட்டிப்புரத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதையும், 50,000 டன் இரும்பாலான கருவியும் அமையும் என்று திட்டமிடப்பட்டது. அண்டத்தின் தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருப்பின் இரண்டும் அழிந்தொழிந்திருக்கும். பொருள் மட்டும் மிஞ்சியது எங்ஙனம் என்ற வினாவுக்கு விடை தேடும் நெடும்பயணத்தில் நியூட்ரினோ ஆராய்ச்சியும் ஒரு படியாகும்.

இவ்விடத்தில் ஊர்மக்கள் கலங்கினர். அக்கலக்கத்தை அறியாமை என்று இகழ்ந்துவிடுதல் முறையன்று. நியூட்ரினோவால் உடலுக்குத் தீங்கு வருமோ என்ற அச்சம் தேவையற்றது. அது கருவிலிருக்கும் குழந்தை முதல் முதியோர் வரை எல்லோரையும் என்றும் ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கிறது. ஆனால் மலையைக் குடைந்தால் நீரூற்று என்னாகும், காடு என்னாகும் என்று உழவர் வினவியது நேரிய வினா. மலை தரும் நீரே இப்பள்ளத்தாக்கின் உயிர். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை நிறைவுற்ற பின்னர் அந்நீரால் விளைந்த வளத்தைக் கம்பம் வயல்களைக் கண்டோர் அறிவர். வழக்குப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது; 2018-இல் காட்டுயிர் வாரியத்தின் இசைவு பெறவேண்டும் என்று அது விதித்தது. 2022-இல் தமிழக அரசு தன் மறுப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அறிவைத் தேடுவதும் அறம். மலையைக் காப்பதும் அறம். இரண்டு அறங்கள் எதிரெதிர் நிற்கும்போது பொறுமையோடு இருபுறமும் கேட்பதே சான்றோர் நெறி.

இனி, பக்தியுடையார் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரமனுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று புராணங்கள் கணக்கிடுகின்றன. விஞ்ஞானமும் கோடிக் கணக்கில் பேசுவதைக் கண்டு, எல்லாம் நம் முன்னோர் முன்பே சொன்னவை என்று மகிழ்வோர் உளர். முன்னோரின் உள்ளம் அத்துணைப் பெருங்காலத்தைத் தாங்கியது பெருமைக்குரியதே. எனினும் விஞ்ஞானியின் எண் புதிய சான்று கிடைத்தால் மாறும். மாறுவதே அதன் நேர்மை. மாறும் எண்ணின்மீது நம்பிக்கையை நாட்டினால், எண் அசையும்போது நம்பிக்கையும் அசையாதோ? கிறிஸ்தவக் குருவாகிய லெமேத்தரும் தம் கொள்கையைச் சமய நூலுக்குச் சான்றாகக் காட்ட விரும்பவில்லை. இரண்டையும் மதித்தமையாலேயே அவர் இரண்டையும் குழப்பவில்லை.

சைவ சித்தாந்தம் குடத்தை உவமை காட்டும். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண்ணின் இயல்பையும் சக்கரத்தின் சுழற்சியையும் எத்துணை நுட்பமாக அளந்தாலும், குயவனின் கருணை அளவுகோலில் அகப்படுவதில்லை. அதுபோலவே, குயவனைப் போற்றுவோர் சக்கரத்தை அளப்பவர்மீது சினங்கொள்ளவும் காரணமில்லை. எங்ஙனம் தோன்றியது என்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி. தோன்றிய உயிர் எதன்பொருட்டு வாழ்வது என்பது சந்நிதியின் கேள்வி. சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2004-ஆம் ஆண்டு முதல் இந்தியா அளித்த நடராசர் திருவுருவம் நிற்கிறது. அங்கே துகளை ஆராய்வோர் அத்திருவுருவைக் கடந்தே நடக்கின்றனர். ஒன்றுக்கு மற்றொன்று பகையாகவில்லை.

எனவே அன்பர்களே, இத்திருக்கோயிலுக்குப் பொருள் ஈந்தோரும், கல் சுமந்தோரும், கலசத்தை நோக்கிக் கைகூப்பியோரும் தத்தம் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்பிப்பாராக. கைகூப்பவும் கற்கட்டும், கேள்வி கேட்கவும் கற்கட்டும். மலைகளும் ஆறுகளும் வற்றாது நிலைக்கவும், அறிவும் அன்பும் ஒருங்கே வளரவும், எல்லாம்வல்ல இறைவன் திருவருள் பாலிப்பானாக!