உங்க வாட்ச்சுக்குள்ள ஓடுறது யாரோட எஞ்சின்?

இன்னைக்கு கொஞ்சம் சொந்தக் கதையில ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி போனஸ் பணத்துல ஒரு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கினேன். பிராண்ட் பேர் வேண்டாம். விளம்பரத்துல அந்தக் கம்பெனியோட சொந்த காலிபர் நம்பர் பெருசா இருந்துச்சு. வாங்கி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ரிவ்யூ பார்த்தா, உள்ளே ஓடுறது செல்லிட்டா எஸ்டபிள்யூ 200. இதைவிடப் பாதி விலை வாட்ச்லயும் அதே மூவ்மென்ட்தான். ஏமாந்துட்டோம்னு அன்னைக்கு வயிறு எரிஞ்சுது. இன்னைக்கு எரியல. ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

மூவ்மென்ட்னா வாட்ச்சோட எஞ்சின். ஆட்டோமேட்டிக்ல ஒரு அரைவட்டத் தகடு இருக்கும், அதுதான் ரோட்டர். கை அசையும்போது அது சுத்தி ஸ்பிரிங்கை முறுக்கும். பேட்டரி கிடையாது. இந்த எஞ்சினை ஒவ்வொரு பிராண்டும் தானே செய்யுதுன்னு நாம நினைச்சுக்கிறோம். ஸ்விட்சர்லாந்துல அப்படி இருந்ததே இல்ல. டயல் ஒருத்தர், முள் ஒருத்தர், கேஸ் ஒருத்தர், மூவ்மென்ட் இன்னொருத்தர். எல்லாத்தையும் சேர்த்து மேல பேர் போடுறது பிராண்ட்.

எட்டர்னானு ஒரு கம்பெனி. 1932ல தன்னோட மூவ்மென்ட் பிரிவைத் தனியாப் பிரிச்சுது. அதுதான் ஈடிஏ. 1948ல எட்டர்னா, ரோட்டருக்கு அடியில அஞ்சு குட்டி உருண்டை வச்ச பால் பேரிங் கொண்டுவந்தாங்க. உராய்வு குறைஞ்சு ரோட்டர் லேசா சுத்த ஆரம்பிச்சுது. அவங்க லோகோவுல இருக்கிற அஞ்சு புள்ளி அதுதான். அந்தப் பரம்பரையில வந்ததுதான் ஈடிஏ 2824-2. 25.6 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் தடிமன், 25 ஜூவல், மணிக்கு 28,800 துடிப்பு, முழுசா முறுக்கினா சுமார் 38 மணி நேரம் ஓடும். உறுதியானது, விலையும் கட்டுப்படியாகும். அதனால எத்தனையோ பிராண்டுகள் இதையே வாங்கிப் போட்டாங்க.

நடுவுல 1969 டிசம்பர் 25 அன்னைக்கு சீக்கோ, அஸ்ட்ரான்னு ஒரு குவார்ட்ஸ் வாட்ச்சை இறக்கினாங்க. அடுத்த பத்து, பதினைஞ்சு வருஷத்துல ஸ்விஸ் தொழிலே ஆட்டம் கண்டுச்சு. தப்பிச்சு நின்ன பெரிய கம்பெனிகள் 1983ல ஒண்ணா சேர்ந்தாங்க. அதுதான் இன்னைக்கு ஸ்வாட்ச் குரூப். ஈடிஏவும் அதுக்குள்ளதான். அதாவது, போட்டி பிராண்டுகள் பலதுக்கும் அப்போ எஞ்சின் போனது இவங்க வீட்டுலேருந்து.

டெவலப்பர்ஸுக்கு இந்த இடம் புரியும். 2016ல லெஃப்ட்-பேட்னு வெறும் 11 வரி கோட், எழுதினவர் எடுத்துட்டார். உலகம் முழுக்க பில்டு உடைஞ்சுது. வாட்ச் உலகத்தோட லெஃப்ட்-பேட் 2002ல வந்துச்சு. ஸ்வாட்ச் குரூப் தலைவர் நிக்கோலஸ் ஹாயெக், வெளி ஆளுங்களுக்கு மூவ்மென்ட் கிட் கொடுக்கிறதை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சார். அவர் வாதம் நியாயமானதுதான்: எல்லாரும் எங்ககிட்ட வாங்கிட்டு விளம்பரத்துல மட்டும் பணம் போட்டா எப்படி? ஆனா ஸ்விட்சர்லாந்தோட போட்டி ஆணையம் உள்ளே வந்துச்சு. உடனே நிறுத்தக் கூடாதுன்னு தடுத்துச்சு. 2013ல ஒரு ஒப்பந்தம் ஆச்சு. 2019 முடியுற வரைக்கும் படிப்படியாக் குறைச்சுக்கலாம்னு முடிவு.

இதுக்கு நடுவுல செல்லிட்டா என்ன பண்ணாங்க? 1950லேருந்து இருக்கிற கம்பெனி. ஈடிஏ கிட்களை வாங்கி அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறதுதான் அவங்க வேலை. கிட் வராதுன்னா கடையை மூடணும். 2824 பேட்டன்ட் காலாவதி ஆகியிருந்துச்சு. அதே அளவுல, ஒரு ஜூவல் கூட்டி, தாங்களே எஸ்டபிள்யூ 200 செஞ்சாங்க. சுத்தமான ஃபோர்க்! பிராண்டுகள் கேஸை மாத்தவே வேண்டியதில்ல.

அப்போ எல்லா எஸ்டபிள்யூ 200ம் ஒண்ணா? இல்ல. ஈடிஏ, செல்லிட்டா ரெண்டுலயும் நாலு கிரேட் உண்டு. மேல போகப் போக பாகங்களோட தரம் கூடும், அதிக நிலைகள்ல வச்சு நேரத்தை சரி பார்ப்பாங்க. மூவ்மென்ட் பேர் ஒண்ணு, ஓடுற துல்லியம் வேற.

கடன் வாங்குறது சின்ன பிராண்டுகளோட பழக்கம்னும் நினைக்காதீங்க. ரோலக்ஸ் டேடோனாவுல 1988லேருந்து 2000 வரைக்கும் இருந்தது ஜெனித்தோட எல் பிரைமேரோ. ரோலக்ஸ் நிறைய பாகங்களை மாத்தி, துடிப்பை 36,000லேருந்து 28,800க்கு இறக்கினாங்க. இன்னைக்கு அந்த வாட்ச்சை கலெக்டர்ஸ் தேடித் தேடி வாங்குறாங்க. 2017ல ட்யூடரும் பிரைட்லிங்கும் மூவ்மென்ட்டைப் பரிமாறிக்கிட்டாங்க. இவங்க மூணு முள் மூவ்மென்ட் கொடுத்தாங்க, அவங்க குரோனோகிராஃப் கொடுத்தாங்க. ரெண்டு பேருமே வெளிப்படையா சொன்னாங்க.

பவர்மேட்டிக் 80ஐயும் பாருங்க. 2824வையே எடுத்து, துடிப்பை 21,600க்குக் குறைச்சு, ஸ்பிரிங் சுத்துற நடு அச்சை மெலிசாக்கி நீள ஸ்பிரிங் வச்சு, 38 மணி நேரத்தை 80 ஆக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை கழட்டி வச்சா திங்கள் காலையில ஓடிட்டே இருக்கும். ஆனா பழைய ரெகுலேட்டர் இதுல இல்ல, தொழிற்சாலையில லேசர் வச்சே நேரத்தை செட் பண்றாங்க. தெருமுனை ரிப்பேர்காரர் ஊசியால நகர்த்தி சரி பண்ண முடியாது.

இங்கதான் என் கதை முடியுது. ஆறு மாசம் முன்னாடி வாட்ச்சைக் கைதவறிக் கீழே போட்டேன், நின்னுடுச்சு. பாரிமுனையில ஒரு சின்ன கடை. பெரியவர் பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியா பார்த்துட்டு, "இதுவா? பார்ட் கிடைக்கும் தம்பி, வியாழக்கிழமை வாங்க"ன்னார். வியாழக்கிழமை ஓடுச்சு. என் நண்பனோட இன்-ஹவுஸ் வாட்ச் வெளிநாட்டு சர்வீஸுக்குப் போய் நாலு மாசம் ஆச்சு.

இன்-ஹவுஸ் மோசம்னு சொல்லல. நல்ல எஞ்சினீயரிங் நிறைய இருக்கு. ஆனா பொது மூவ்மென்ட்னா அதைத் திறக்கத் தெரிஞ்ச கைகள் ஊருக்கு ஊர் இருக்கு. என் கோபம் இப்போ வேற இடத்துல: கடன் வாங்கினதுல இல்ல, அதை மறைச்சு சொந்த நம்பர் போட்டதுல. நாம கூட அடுத்தவங்க லைப்ரரிலதான் ஆப் கட்டுறோம், ஆனா லைசென்ஸ் ஃபைல்ல அவங்க பேரை விடுறோமே.

அடுத்த தடவை வாட்ச் வாங்கும்போது மூணு கேள்வி கேளுங்க. பேஸ் எது? அதுக்கு மேல நீங்க என்ன செஞ்சீங்க? பத்து வருஷம் கழிச்சு இதை யார் திறப்பாங்க? நேரா பதில் சொல்ற கடையில வாங்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.