பாற்பல்லுக்குள்ளே ஒரு குருத்து
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

என்னைப் பல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "காலையும் இரவும் பல் துலக்குங்கள்" என்பதைப் பள்ளிக்கு வரும் மிஸ்ஸியே சொல்லிவிடுகிறார். நான் சொல்ல வந்தது வேறு.

பல் என்றால் வெறும் கல் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. மேலே எனாமல், அதன் கீழே டென்டின், நடுவிலே கூழ். நாம் குடிக்கிற கூழ் அல்ல! இரத்தமும் நரம்பும் ஓடுகிற சிவந்த சதை. ஐஸ் பட்டால் கூசுவதும், இராத்திரி தூங்கவிடாமல் குத்துவதும் இதுதான். முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கிறது. ஆனால் அதன் வேர் வளர்ந்து முனை மூட இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். அந்த வேரை வளர்ப்பது இந்தக் கூழ்.

அந்த வயதில்தானே நம்ம புள்ளைங்க சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்மண் ரோட்டில் பறக்கிறார்கள்! விழுந்து முன்பல்லில் அடி. "வலிக்கலம்மா" என்றதும் நாமும் விட்டுவிடுகிறோம். சில மாதத்தில் பல் சாம்பல் நிறமாகிறது. உள்ளே கூழ் செத்துப்போச்சு. வேர் வளராமல் மெல்லிய குழாய்போல நின்றுவிடும். இன்னொரு சின்ன அடிக்கு முறிந்துபோகும். மருத்துவர் மருந்து வைத்து வேர்முனையை அடைக்கலாம். பல் நிற்கும்; உணர்ச்சி வராது.

செத்த கூழை மறுபடி வளர்க்க முடியாதா? செம்பனைக்குக் குருத்து இருப்பதுபோல உடம்பிலும் குருத்தணுக்கள் உண்டு. அவையே மற்ற அணுக்களாக வளரக்கூடியவை. சோங்தாவ் ஷீ என்னும் குழந்தைப் பல் மருத்துவர், தம் மகளின் விழுந்த பாற்பல்லுக்குள் சிவப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தார். நாம் கூரைமேல் எறிகிற அதே பல்தான்! அவரும் கூட்டாளிகளும் அந்தச் சதையில் குருத்தணுக்கள் இருப்பதை 2003-இல் உலகுக்குக் காட்டினார்கள்.

சீனாவின் சியான் நகரில், அடிபட்டு முன்பல்லின் கூழ் செத்த 40 பேரைச் சேர்த்துச் சோதனை செய்தார்கள். 30 பேருக்கு அவரவர் பாற்பல்லின் அணுக்களையே வளர்த்து வேர்க்குழாயில் வைத்தார்கள். 10 பேருக்கு வழக்கமான வைத்தியம். 2018-இல் முடிவு வெளியானது. குருத்தணு வைத்த பற்களில் ஓராண்டில் இரத்தக் குழாயோடும் நரம்போடும் கூழ் வளர்ந்திருந்தது. அதிலே ஒரு பிள்ளை மறுபடியும் அடிபட்டுக்கொண்டது, பாவம். அந்தப் பல்லை எடுத்துப் பார்த்தபோது, டென்டினை உண்டாக்கும் அணுக்கள்கூட உள்ளே இருந்தன. நம் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாற்பல் அணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் இது நாளைக்கே கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது. எங்குமே இது இன்னும் அன்றாட வைத்தியம் ஆகவில்லை. அந்தச் சோதனையும் அடிபட்ட பல்லுக்குத்தான், சொத்தைப் பல்லுக்கு அல்ல. பாற்பல்லைக் குளிரில் சேமித்து வைக்கிறோம் என்று பணம் கேட்கும் தனியார் நிறுவனங்கள் பல நாடுகளில் உண்டு. வசதி உள்ளவர்கள் யோசிக்கட்டும். கூட்டுப் பணத்தை எடுத்துக் கட்டவேண்டிய அவசரம் இதில் இல்லை என்பது என் கருத்து.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். தேய்க்காமல் லேசாக அலசி, அதே குழியில் வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள் (டின் பால் அல்ல, சாதாரணப் பால்!). உடனே கிளினிக்குக்கு ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் மிக நல்லது. பாற்பல்லாக இருந்தால் திரும்ப வைக்க வேண்டாம். வேர்முனை மூடாத வயதில், தாமதமில்லாமல் திரும்ப வைத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் தானாகவே வந்து கூழ் மறுபடி உயிர்பெறுவதும் உண்டு.