விதைக்கு விட்ட காய்

தோட்டத்தில் ஏதேனும் ஒரு செடி இனத்தின் சுபாவத்துக்கு மாறாக விசித்திரமாய்க் காய்த்துவிட்டால், அதைப் படமெடுத்து நாலு பேருக்குக் காட்டி அதிசயிப்பதும், மறுநாளே பறித்துக் கூட்டு வைத்து முடித்துவிடுவதும் இக்காலத்து நாகரிகமாகிவிட்டன. அதிசயித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் காயை விதைக்கு விட்டார்கள் என்று கேட்கவே எனக்கு வாய் துறுதுறுக்கிறது.

எங்கள் பந்தலில் ஒரு வருஷம், நீளச்சுரை விதைத்த குழியிலிருந்து ஏறிய கொடியொன்று இடை சிறுத்த குடுவைக் காய்களாகவே காய்த்துத் தள்ளியது. அடுத்த வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "பக்கத்தில் பூசணி வைத்தீர்களே, அதன் வேலைதான்" என்றார். பூசணியின் மகரந்தம் சுரையில் சூல் கொள்ளாது. பாகலின் மகரந்தமும் கொள்ளாது. முந்தின பருவத்தில் அந்துப்பூச்சி ஏதோ ஒரு குடுவைச்சுரையின் மகரந்தத்தை எங்கள் பூவில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்த வருஷத்துக் காயில் பேதம் ஒன்றும் தெரியவில்லை. ஏனெனில் காயின் சதை தாய்க்கொடியின் உடம்பு. விதைதான் சந்ததி. மறுபடியும் சொல்கிறேன்: காய் தாயினுடையது, விதை இருவருடையது. கலப்பு இந்த வருஷம் நேர்ந்தால், கொடியும் காயும் அதைக் காட்டுவது அடுத்த வருஷந்தான்.

கசக்கும் சுரைக்காய் மட்டும் இதில் விளையாட்டல்ல. நறுக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் துப்பிவிடும் நம் வீட்டுப் பெண்களின் பழக்கம் மிகச் சரியானது. அந்தக் கசப்பு நஞ்சு. அந்தக் காயைச் சமைக்கவும் கூடாது, விதைக்கு விடவும் கூடாது.

இனி, கலப்பு நேராமல் விதை எடுக்கும் என் அபிமான வித்தைக்கு வருகிறேன். சுரைப்பூ மாலையில் விரிவது. பெண்பூவின் அடியில் ரோமம் படர்ந்த சிறு பிஞ்சு இருக்கும். ஆண்பூவுக்கு வெறும் நீண்ட காம்புதான். அன்று மாலை விரிய இருக்கும் மொட்டு நுனியில் வெளுத்து நெகிழ்ந்து காணும். பிற்பகலிலேயே ஒரு பெண்மொட்டையும், அதே ரகத்தின் வேறொரு கொடியிலுள்ள ஆண்மொட்டையும் நூலால் நுனியில் கட்டிவிட வேண்டும். அந்தி சாய்ந்ததும் ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்து, பெண்பூவின் கட்டை அவிழ்த்துச் சூல்முடியில் மகரந்தம் அப்பும்படி மெல்லத் தடவி, உடனே மறுபடி கட்டி, காம்பில் வர்ண நூலொன்றை அடையாளமாக முடிந்துவிட வேண்டும். விரியுமுன் கட்டுவதுதான் இதன் உயிர்நிலை. விரிந்த பூவைக் கட்டிப் பயனில்லை. சூல் பிடித்தால் சில நாளில் பிஞ்சு பருக்கும். பிடிக்காவிட்டால் மஞ்சளித்து உதிரும்.

கத்தரிக்கு இவ்வளவு பிரயாசை வேண்டாம், பெரும்பாலும் தன் மகரந்தமே போதும். நல்ல செடியில் நல்ல காயைப் பழுக்கவிட்டாலே போதுமானது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள் கத்தரி, அப்படி விதைக்கு விட்ட உழவர்களின் கைவழி வந்ததுதான்.

கடைப் பொட்டலத்து வீரிய ஒட்டு விதையை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. அதன் முதல் விளைச்சல் ஒன்றுபோல் இருக்கும். அதிலிருந்து எடுத்த விதை மறுபருவத்தில் பலவாகப் பிரிந்துவிடும். மெண்டல் என்ற துறவி பட்டாணியில் உருண்டைக்கும் சுருக்கத்துக்கும் கலப்புச் செய்து, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை மணிகளையும் 1,850 சுருங்கிய மணிகளையும் எண்ணிக் காட்டியது இந்தப் பிரிவைத்தான். ஆனாலும், அப்படிப் பிரிந்தவற்றில் மனத்துக்குப் பிடித்த ஒன்றைப் பருவந்தோறும் பொறுக்கி நிலைநிறுத்தும் பொறுமையுள்ளவருக்கு அந்தப் பொட்டலமும் ஒரு தொடக்கமாகலாம்.

நூல் முடிந்த சுரைக்காயை அவசரப்பட்டு அறுக்க வேண்டாம். ஓடு பழுத்து, ஆட்டினால் விதை கலகலக்கும்வரை கொடியிலேயே கிடக்கட்டும். விதைகளைச் சாம்பலில் புரட்டி அந்தக் குடுக்கையிலேயே அடைத்து வைப்பவன் நான். கண்ணாடிப் புட்டி வைத்திருப்பவர்கள் நன்றாக உலர்த்திவிட்டு அதிலும் வைக்கலாம். ஆடியில் குழி போடுகிறவர்கள் இப்போதே நூற்கண்டைப் பந்தற்காலில் மாட்டிவிடுங்கள். பெண்மொட்டு வெளுக்கும் நாளில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் பூ விரிந்துவிடும்.